ஊட்னடாட்டா தடத்தில் சைக்கிள்: 24 லிட்டரா, 15 லிட்டரா?

மண்சாலை:
ஜூலையில் தென் ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா தடத்தில் தனியாக சைக்கிளில் போகலாம் என்றிருக்கிறேன். மரீயில் தொடங்கி மார்லாவில் முடிக்க வேண்டும், கிட்டத்தட்ட 620 கி.மீ. மண் சாலை. தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போகக்கூடிய ஊர்கள் நடுவில் இரண்டுதான்: வில்லியம் கிரீக், அப்புறம் ஊட்னடாட்டா. ஆக மூன்று துண்டு, ஒவ்வொன்றும் சுமார் 200 கி.மீ. ஒரு துண்டுக்கு நான்கு நாள், நாளைக்கு 6 லிட்டர், மொத்தம் 24 லிட்டர். கூட்டிப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இதைக் குறைக்க வழி இருக்கிறதா?

ஒல்லிப்பை:
24 லிட்டர் என்றால் 24 கிலோ. கூடாரம், சமையல் சாமான், சாப்பாடு எல்லாம் அதற்கு மேல். ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரியில் 50.7 டிகிரி பதிவானதைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் அது ஜனவரி, அங்கே கோடை. நீங்கள் போவது குளிர்காலத்தில், பகலில் இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், ராத்திரி நடுங்கும். நாளைக்கு 5 லிட்டர் தாராளம். சுமை ஏறினால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் நாள் கூடும், நாள் கூடினால் இன்னும் தண்ணீர் வேண்டும், இந்தச் சுழலில் மாட்டாதீர்கள். லேசாகப் போனால் நாளைக்கு 80 கி.மீ., இரண்டரை நாளில் அடுத்த ஊர். கையிருப்பு சேர்த்து 15 லிட்டர். தவிர, அது சுற்றுலாப் பருவம், ஜீப்கள் போய்வந்துகொண்டே இருக்கும். கை காட்டினால் நிறுத்தித் தண்ணீர் கொடுப்பார்கள்.

கானல்:
80 கி.மீ. என்பதை எங்கிருந்து பிடித்தீர்கள்? நான் அந்தத் தடத்தில் ஒரு நாள் 84 கி.மீ. ஓட்டினேன், மறுநாள் காலை ஏழு மணி முதல் சாயங்காலம் ஐந்து மணி வரை மிதித்து 38. சாலை அதே சாலை, காற்றுதான் வேறு. அங்கே குளிர்காலத்தில் தெற்கிலிருந்து குளிர்முகம், அதாவது குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு, வருவதற்கு முன் வடக்குக் காற்று அடிக்கும், அது கடந்துபோன பிறகு காற்று தெற்குக்குத் திரும்பும். மரீயிலிருந்து மார்லாவுக்கு நீங்கள் போவது வடமேற்கே, அதாவது வடக்குக் காற்று சாய்வாக முகத்தில். போதாததற்கு சாலை முழுக்க வரிவரியான மேடுபள்ளம், சலவைப் பலகை மேல் ஓட்டுவது மாதிரி. நல்ல நாளை வைத்துத் தண்ணீர்க் கணக்குப் போடக் கூடாது. அப்புறம் அந்த 6 லிட்டரில் சமையலும் அடக்கம். காற்று அவ்வளவு வறட்சி, வியர்வை வந்ததே தெரியாமல் காய்ந்துவிடும், சட்டையில் உப்புக் கோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வீர்கள்.

ஓடைக்கரை:
இருவரும் ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்? வில்லியம் கிரீக் தாண்டி, ஊட்னடாட்டாவுக்கு 50, 60 கி.மீ. முன்னால் நீல்ஸ் ஆறு குறுக்கிடும். அங்கே அல்கபக்கினாவில் பழைய கான் (Ghan) ரயிலின் பாலம், அரை கி.மீ.க்கும் மேல் நீளம். 1980இல் அந்த வழியில் ரயில் நின்ற பிறகு சும்மா நிற்கிறது. பக்கத்திலேயே வற்றாத மடு. நல்ல வடிகட்டி ஒன்று எடுத்துக்கொண்டால் அங்கே நிரப்பிக்கொள்ளலாம், 24 லிட்டருக்கு அவசியமே இல்லை. முதல் துண்டிலும் கவர்ட் ஸ்பிரிங்ஸில் ஊற்று இருக்கிறது.

கானல்:
வடிகட்டி கிருமியைப் பிடிக்கும், உப்பைப் பிடிக்காது. தேங்கிய மடு ஆவியாக ஆவியாக மிச்சத் தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும். போன மாதம் குடித்தவர் நல்ல தண்ணீர் என்று எழுதியிருப்பார், நீங்கள் போகும்போது வாயில் வைக்க முடியாமல் இருக்கலாம். கவர்ட் ஸ்பிரிங்ஸில் ஊறுவதும் அடியிலிருந்து கனிமங்களைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர், அதில் உட்கார்ந்து குளியுங்கள், உடம்பு வலி போகும். குடிநீர்க் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

ஓடைக்கரை:
சரி, உப்பு விஷயம் ஒத்துக்கொள்கிறேன். பாத்திரம் கழுவ, சட்டை நனைத்துப் போட்டுக்கொள்ள ஆகும், அவ்வளவுதான்.

ஒல்லிப்பை:
கானல், ஜீப்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே நீங்கள். ஆளே இல்லாத பாலைவனம் மாதிரி பயமுறுத்துகிறீர்கள், அது நாலு சக்கர வண்டிக்காரர்களின் பிரபலமான விடுமுறைப் பாதை.

கானல்:
மழை பெய்யும் வரைக்கும்தான் அது பிரபலமான பாதை. கொஞ்சம் பலமாகப் பெய்தாலே சாலையை மூடிவிடுவார்கள், மூடிய சாலையில் வண்டி ஓட்டினால் அபராதம். அப்போது எந்த ஜீப்பும் வராது. உங்களாலும் நகர முடியாது. அந்தக் களிமண் டயரில் ஒட்டி, சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் அடைத்துக்கொண்டால் சைக்கிளைத் தோளில்தான் தூக்க வேண்டும். உங்கள் 15 லிட்டர் திட்டம் யாரை நம்பியிருக்கிறதோ அவர்கள் வராமல் போவதும், நீங்கள் வழியில் மாட்டிக்கொள்வதும் ஒரே நாளில் நடக்கும். என் எதிர்ப்பு இந்த ஒன்றுக்குத்தான்.

ஒல்லிப்பை:
மழை பெய்தால் கூடாரத் துணியை விரித்துப் பிடித்துக்கொள்ளலாமே, தண்ணீருக்கா பஞ்சம்? அன்றைக்குக் குறையப் போவது சாப்பாடு. ஆனால் வண்டிகளை நம்பக் கூடாது என்பது சரிதான், அதை மறுக்க முடியவில்லை.

கானல்:
துணியில் பிடிக்கும் யோசனை நல்லது, எனக்குத் தோன்றவில்லை. சாப்பாடு இரண்டு நாளைக்குக் கூடுதலாக வையுங்கள், மண்சாலை. இன்னொன்று, தண்ணீரை ஒரே பையில் வைக்காதீர்கள். நான் 10 லிட்டர் பை ஒன்றைப் பின் கேரியரில் கட்டியிருந்தேன். குலுக்கலில் கேரியரின் திருகு ஒன்று பாதி கழன்று, அதன் தலை பையை அரைத்துக்கொண்டே வந்திருக்கிறது. வண்டி லேசாக ஓடுகிறதே என்று சந்தோஷப்பட்டேன், நம்புங்கள். திரும்பிப் பார்த்தால் சிவப்பு மண்ணில் என் டயர்த் தடத்துக்குப் பக்கத்திலேயே கறுப்பாக ஒரு ஈரக்கோடு, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும்.

மண்சாலை:
அந்த ஈரக்கோடு தூங்க விடாது போலிருக்கிறது. மாற்றிய திட்டம் இது: ஒவ்வொரு ஊரிலிருந்தும் 20 லிட்டர், எல்லாம் ஒன்றரை, இரண்டு லிட்டர் பாட்டில்களில், கொஞ்சம் முன் ஃபோர்க்கில், மிச்சம் பின்னால் தாழ்வாக. இரண்டு நாள் கூடுதல் சாப்பாடு. மட்கார்டு வீட்டிலேயே இருக்கும். வழியில் செல்போன் எடுக்காது என்பதால் செயற்கைக்கோள் கருவி. சாலை அறிக்கையும் வானிலையும் பார்க்காமல் ஊரை விட்டுக் கிளம்புவதில்லை, மழை வரும் என்றால் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். தினமும் சாயங்காலம் எல்லாத் திருகையும் ஒரு சுற்று முறுக்குவேன்.

ஒல்லிப்பை:
20 எனக்கு இன்னும் அதிகம்தான். கிளம்பும் முன் அதே சுமையோடு ஏதாவது கரடுமுரடான பாதையில் இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். பின்சக்கரத்தில் எத்தனை கம்பி?

மண்சாலை:
32.

ஒல்லிப்பை:
36 ஆக்குங்கள்.

கானல்:
இதில் அவரோடு சண்டையில்லை. 36.