புதுப்பிப்பு: முட்டை, கிரீம் இல்லாத சாக்லேட் மூஸ்

முட்டையும் கிரீமும் சேர்க்காமல் கெட்டியான சாக்லேட் மூஸ் (காற்றேற அடித்துச் செய்யும் நுரை போன்ற இனிப்பு) செய்ய முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். தாராளமாக முடிகிறது, அதுவும் வெறும் தண்ணீரில்! பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பிரெஞ்சு வேதியியலாளர் எர்வே திஸ் காட்டிய வழி இது. 70% கொக்கோ உள்ள டார்க் சாக்லேட் 200 கிராம், தண்ணீர் 180 மில்லி. சேர்த்துச் சிறு தீயில் உருக்கி, ஐஸ் தண்ணீரில் வைத்த பாத்திரத்தில் ஊற்றி விஸ்க்கால் (கம்பி மத்தால்) அடிக்க வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அப்புறம் ஓரத்தில் இறுகத் தொடங்கும், பளபளப்பு மங்கும், விஸ்க் போன தடம் அப்படியே நிற்கும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். மேலும் அடித்தால் மணல்மணலாகிவிடும். அப்படி ஆனாலும் கொட்ட வேண்டாம், மறுபடி உருக்கி அடித்தால் சரியாகிவிடும்.

உருக்கிய சாக்லேட்டில் தண்ணீரே படக்கூடாது என்று சிலர் எச்சரித்திருந்தீர்கள். சில சொட்டுகள் பட்டால் கட்டிதட்டும், உண்மைதான். இங்கே தண்ணீர் நிறைய இருப்பதால் சாக்லேட் அதோடு நன்றாகக் கலந்துவிடுகிறது. குளிர்ந்ததும் சாக்லேட்டில் உள்ள கொழுப்பான கொக்கோ வெண்ணெய் இறுகி காற்றுக் குமிழிகளைப் பிடித்துக்கொள்கிறது.

பால் ருசி குறுக்கே வராததால் சாக்லேட்டின் சுவை முழுசாகத் தெரிகிறது. அதனால் நல்ல சாக்லேட்டாகவே எடுங்கள். ஒரு சிட்டிகை உப்பு அவசியம்.