கேப்பர் மலை ஏற்றத்தில் திணறும் பிக்கப்: சிப் போடலாமா, கிரவுன் மாற்றலாமா?

மீன்லோடு
வணக்கம். 2018 மாடல், பி.எஸ்.4, 2.5 லிட்டர் டர்போ டீசல் பிக்கப். போன வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். காலையில் கடலூர் ஓ.டி. (முதுநகர்) துறைமுகத்திலிருந்து ஐஸ் போட்ட மீன் பண்ருட்டிக்கு. அதில் குறையே இல்லை. மதியத்துக்கு மேல் கேப்பர் மலையில் வீடு கட்டுபவர்களுக்கு சிமெண்ட் ஏற்றுகிறேன், அங்கேதான் தொல்லை. ஏற்றத்தில் ஒரு தடவை நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவதற்குள் கிளட்ச் வாடை மூக்கைத் துளைக்கிறது. புதுச்சேரியில் ஒருவர் 14,000 ரூபாய்க்கு சிப் (டீசலைக் கூட்டி இன்ஜின் சக்தியை ஏற்றும் மின்னணுப் பெட்டி) போட்டுத் தருகிறேன், இழுவை பிய்த்துக்கொண்டு போகும் என்கிறார். என் மெக்கானிக் கிரவுன் பினியனை, அதாவது பின் ஆக்ஸிலில் உள்ள கடைசி கியர் ஜோடியை, மாற்றச் சொல்கிறார். போன மாதம் பின்சக்கரம் பஞ்சர் ஆகி ஸ்டெப்னி மாட்டியபோது வண்டி லேசாகச் சாய்ந்த மாதிரி இருந்தது, அதைத் தவிர வேறு கோளாறு எதுவும் கண்ணில் படவில்லை. எதைச் செய்யலாம்?

ஹவுசிங்காரன்
சிப் காசை வங்கியில் போடுங்கள் தம்பி. சக்கரத்துக்குப் போகும் முறுக்கு என்பது இன்ஜின் முறுக்கு × கியர் × கிரவுன் விகிதம், அவ்வளவுதான். 4.3 விகித கிரவுனை (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 4.3 சுற்று) எடுத்துவிட்டு 4.88 போட்டால் எல்லா கியரிலும், எந்த ஆர்.பி.எம்.மிலும் 13 சதவீதம் கூடுதல் இழுவை. அதற்கு ஒரு சொட்டு டீசல் அதிகம் தெளிக்க வேண்டியதில்லை. இன்ஜினுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

புதுவை டியூனர்
அண்ணே, பாதிக் கணக்கைச் சொல்லி நிறுத்திவிட்டீர்கள். டயர் உயரம் 70 சென்டிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர். 60-இல் போகும்போது சக்கரம் நிமிடத்துக்கு 455 சுற்று. நான்காவது நேர் கியர் என்று வைத்துக்கொண்டால் 4.3-க்கு இன்ஜின் 1,950 சுற்றில் ஓடும், 4.88-க்கு 2,200-ஐத் தாண்டும். பண்ருட்டிக்குக் காலை டிரிப் முழுக்க இன்ஜின் கூடுதலாகக் கத்திக்கொண்டே போகும். புதுச்சேரிப் பக்கம் கன்னியக்கோவில் பங்கில் குறைந்த விலைக்கு டீசல் நிரப்பி மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே கரையும்.

இன்னொன்று. கிரவுன் மாற்றிக் கிடைக்கிற இழுவை, ஒரு கியர் குறைத்தாலே கிடைக்கும். முதல் கியருக்குக் கீழே கியர் இல்லை என்பதால் அங்கே மட்டும்தான் அது உண்மையான லாபம். அதற்காக ஹவுசிங்கை (கிரவுன் இருக்கும் பின் ஆக்ஸில் கூட்டை) பிரிப்பதா? முறையாக ரிமேப் செய்தால், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கும் டீசல் கணக்கையே மாற்றி எழுதினால், 15 சதவீதம் முறுக்கு நான் எடுத்துத் தருகிறேன்.

ஹவுசிங்காரன்
எந்த ஆர்.பி.எம்.மில் எடுத்துத் தருவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அவர் நிற்பது ஏற்றத்தில், ஆயிரம் சுற்றில், கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டு. டர்போ அப்போது தூங்கிக்கொண்டிருக்கும். காற்றே வராத இடத்தில் டீசலை மட்டும் கூட்டினால் கரும்புகைதான். உங்கள் 15 சதவீதம் 1,500-க்கு மேல் கிடைக்கலாம், அதற்குள் அவர் கிளட்ச் பிளேட் கருகிவிடும். முதல் கியரில் மட்டும்தான் லாபம் என்கிறீர்கள். அவர் அழுவதே முதல் கியருக்குத்தானே!

புதுவை டியூனர்
சரி, கிளப்பும் இடத்தில் சிப்புக்கு வேலை குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிளம்பிய பிறகும் ஏற்றம் இருக்கிறது இல்லையா? இரண்டாவதுக்கு மாற்றியதும் வண்டி படுத்துக்கொள்கிற இடத்தில் ரிமேப் காப்பாற்றும். கிரவுனை மாற்றினாலும் முதலுக்கும் இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளம் அப்படியேதான் இருக்கும்.

ஒன்று மட்டும் அந்தத் தம்பிக்குச் சொல்ல வேண்டும். 14,000 ரூபாய் பெட்டி என்றால் அது ரிமேப்பாக இருக்குமா என்பதே சந்தேகம். பல பெட்டிகள் இன்ஜெக்டருக்குப் போகும் டீசலின் அழுத்தத்தை அளக்கும் ரயில் பிரஷர் சென்சார் வயரில் நடுவே உட்கார்ந்து, அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று இன்ஜின் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வுக்குப் பொய் சொல்லும். அது நம்பி அழுத்தத்தைக் கூட்டும். பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் அந்தப் பொய்க்கு வாடகை கட்ட வேண்டும். இன்னொரு வகை ஆக்சிலரேட்டர் பெடலில் மாட்டுவது. அது பாதி மிதித்ததை முழுசாக மிதித்ததாகக் காட்டும், இழுவை ஒரு கிராம்கூட ஏறாது. எது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

மீன்லோடு
கேட்டேன். "வயர்ல மாட்டினா போதும், அரை மணி நேர வேலை" என்றார்.

ஹவுசிங்காரன்
போச்சு.

மஞ்சக்குப்பம் எஃப்சி
எத்தனை மூட்டை ஏற்றுகிறீர்கள்?

மீன்லோடு
முப்பது. சில நாள் முப்பத்திரண்டு.

மஞ்சக்குப்பம் எஃப்சி
முப்பது மூட்டை 1,500 கிலோ. உங்கள் ஆர்.சி.படி ஏற்றக்கூடியது 1,300 கிலோ என்றால் 26 மூட்டைதான் கணக்கு. ஓவர்லோடுக்கு இப்போது 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000. அந்தக் காசில் சிப்பும் வரும், கிளட்ச் பிளேட்டும் வரும்.

அதை விடுங்கள், எனக்கு உறுத்துவது ஸ்டெப்னி. மாட்டினால் வண்டி ஏன் சாய வேண்டும்? காற்று சரியாக இருந்ததா? ஒரு டேப் எடுத்து ஸ்டெப்னியையும், ஓடுகிற டயரையும் தரையிலிருந்து உச்சி வரை அளந்து பாருங்கள். டயரில் எழுதியிருப்பதையும் சொல்லுங்கள்.

மீன்லோடு
இப்போதுதான் அளந்தேன். ஸ்டெப்னி 215/75 ஆர் 15, உயரம் 70. ஓடுகிற நான்கும் 7.00 ஆர் 15, உயரம் 74. ரிம்முமே வேறு. கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் 215/75 என்றுதான் இருக்கிறது. முன்னால் வைத்திருந்தவர் மாற்றியிருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை.

புதுவை டியூனர்
அடடா! 70 இருக்க வேண்டிய இடத்தில் 74. டயர் உயர்ந்தால் இழுவை குறையும். உங்கள் 4.3 கிரவுன் 4.07 ஆனதற்குச் சமம். ஐந்தரை சதவீத இழுவையை டயரே தின்றுகொண்டிருக்கிறது.

ஹவுசிங்காரன்
முதலில் அது 4.3 தானா என்று பார்க்க வேண்டும். பக்கத்து வண்டிக்கு இருப்பதே இதற்கும் இருக்கும் என்று நம்பக் கூடாது. முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். ஹவுசிங்குக்கு ஆதாரம் கொடுக்காமல் அடியில் போகாதீர்கள். புரொபெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள், ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம்.

மீன்லோடு
மச்சானைச் சக்கரத்தில் விட்டு நான் கோட்டைப் பார்த்தேன். நான்கு முழுச் சுற்று, அப்புறம் கால் சுற்றைவிடக் கொஞ்சம் அதிகம். மூன்று முறையும் அதே.

ஹவுசிங்காரன்
அப்போது 4.3 தான். டயரைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து 26 மூட்டையோடு ஏறிப் பாருங்கள். அப்புறமும் கிளட்ச் வாடை வந்தால் ஹவுசிங்கைப் பிரிக்கலாம்.

புதுவை டியூனர்
பிரிக்கும் முன்னால் எனக்கும் ஒரு தடவை காட்டுங்கள். ஆமாம், இத்தனை நாள் மீட்டர் 80 காட்டியபோது நீங்கள் போனது 84-க்கு மேல்.

மீன்லோடு
அதனால்தான் பண்ருட்டி மார்க்கெட்டுக்குச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தேன் போல. சரி, 7.00 ஆர் 15 டயர் நான்கு, ரிம்மோடு இருக்கிறது. டயர் பட்டன் பாதிக்கு மேல் தேயாமல் இருக்கு. ஓ.டி. பக்கம் யாருக்காவது வேண்டுமா?