மறு: டெர்ரேரியம் – கெக்கோ வளர்க்கும் இடத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம். கெக்கோ என்ற பல்லி வகையைச் செல்லப்பிராணியாக வளர்க்கும் கண்ணாடிப் பெட்டிதான் டெர்ரேரியம். அதற்கான தமிழ்ச்சொல் பற்றி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> மீன் தொட்டி என்கிறோமே, அதுபோலப் பல்லித் தொட்டி என்றால் போதாதா? எல்லோருக்கும் உடனே புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும் என்பதுதான் என் கவலை. தொட்டி என்றதும் மேல்பக்கம் திறந்த ஒன்றுதான் மனதில் வருகிறது. நானும் முதல் கெக்கோவைப் பழைய மீன் தொட்டியில்தான் விட்டேன். கை மேலிருந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் பதறி ஓடி ஒளிந்துகொள்ளும். அதைப் பிடித்துத் தின்னும் பறவையும் மேலிருந்துதானே வரும்! முன்பக்கம் கதவு வைத்ததற்கு மாற்றிய பிறகுதான் பதற்றம் குறைந்தது.

கூண்டு என்றால் கம்பி. அதற்குள் சூடும் ஈரமும் தங்காது. பேழை காதுக்கு இனிமைதான், ஆனால் மூடி வைப்பதற்கான பெட்டி அது, காற்றோட்டம் நினைவுக்கு வரவில்லை. டெர்ரா என்பது லத்தீனில் மண் என்பதால் 'மண்ணகம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு உலகம் என்ற பொருள் ஏற்கெனவே இருக்கிறது.

என் பரிந்துரை: பல்லிக்குடில். கூரை, முன்வாசல், காற்று, மறைவு நான்கும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன.

அப்புறம், குடிலின் வகைகளுக்குப் பெயர். இங்கேதான் சொல் உண்மையாகவே உதவ முடியும். லெப்பர்ட் கெக்கோ தரையில் வாழ்வது. அதன் விரல்களில் ஒட்டும் பட்டைகள் இல்லை, கண்ணாடியில் ஏற முடியாது. அதற்கு வேண்டியது தரைப்பரப்பு: 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் இருந்தால் ஒரு முனையைச் சூடாகவும் மறுமுனையைக் குளிர்ச்சியாகவும் வைக்கலாம். குளிர் இரத்தப் பிராணி, இரண்டுக்கும் இடையில் நடந்துதான் உடல் வெப்பத்தைச் சரிசெய்துகொள்கிறது. பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் கிரெஸ்டட் கெக்கோ நேர்மாறு. பக்கத்துக்கு 45 செ.மீ. உள்ள சதுர அடித்தளம் போதும், உயரம் 60 செ.மீ.யாவது வேண்டும், ஏறக் கிளைகளும் ஒளிய இலைகளும் வேண்டும். வெப்பம் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் துவண்டுவிடும்.

ஆகவே முன்னதற்குக் கிடைக்குடில். பின்னதற்கு முதலில் நெடுங்குடில் என்று எழுதி வைத்திருந்தேன். நெடுஞ்சாலை நினைவில் அதையும் நீளம் என்று எடுத்துக்கொள்வார்களோ என்று தயக்கம் வந்தது. கிடைமட்டம், நெட்டுக்குத்து என்ற இணையைப் பின்பற்றி நெட்டுக்குடில் என்றால் குழப்பம் இல்லை. பெயரைப் படித்தவுடன் எந்தப் பல்லிக்கு எது என்று தெரிந்துவிடும்.

உள்ளே வைக்கும் ஈரப் பாசி நிரப்பிய மறைவிடத்துக்கு ஈரப்பொந்து எனலாம். சிறியதுதான், ஆனால் அது இல்லாவிட்டால் உரிந்த தோல் விரல்களில் இறுகி, இரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடக்கூடும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை அப்படியே விட்டுவிடலாம், எல்லோருக்கும் தெரிந்த சொல்.

பாம்பு, ஆமை வளர்ப்பவர்களுக்கும் 'குடில்' பொருந்துமா? அவர்கள் சொன்னால் நம் சொற்பட்டியலில் பொதுச்சொல்லாகவே சேர்க்கலாம்.