புதுப்பிப்பு: கேம்பிரிட்ஜ் பே மீத்தேன், ஒரு திருத்தம்

ஆர்க்டிக் கரையோரத்தில் வெளியாகும் மீத்தேன் (புவியைச் சூடாக்கும் வாயு) முக்கியமாகக் கடலடியிலிருந்தே வருகிறது என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். கனடாவின் நூனவுட்டில் உள்ள கேம்பிரிட்ஜ் பேயைப் பொறுத்தவரை அது தவறு.

2020இல் வெளியான ஆய்வின்படி, பனி உருகும் நாட்களில் அங்குள்ள ஆற்று நீரில் மீத்தேன் 2,40,000 சதவீதத் தெவிட்டல் நிலைவரை எட்டியது. காற்றோடு சமநிலையில் இருக்க வேண்டிய அளவைப்போல் 2,400 மடங்கு! (எண்ணை இரண்டு முறை சரிபார்த்தேன்.) முகத்துவாரத்தில் பனிப்பாளம் இன்னும் கிடப்பதால், மூடி போட்ட பானையைப்போல் வாயு அடியிலேயே தேங்குகிறது. பாளம் விலகியதும் மளமளவென்று காற்றில் கலந்துவிடுகிறது. ஆளில்லாத கயாக் படகு ஒன்று கருவிகளைச் சுமந்து சென்று இதை அளந்தது.

முகத்துவாரத்தின் ஆண்டு உமிழ்வில் 95 சதவீதத்துக்கும் மேல் ஆற்றின் கணக்கு. பனி உருகி வாயு வெளியேறிவிட்ட பிறகு, ஆகஸ்டில் மட்டும் போய் அளப்பவர்களுக்கு இது கண்ணிலேயே படாது.