வாஷ்அவுட்: கழுவலா, வடிதலா, மங்கலா?

அன்பர்களுக்கு வணக்கம்.

கல்லீரல், கணையக் கட்டிகளைப் படமெடுத்துக் கண்டறிவது பற்றிய தமிழ்ச் சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. சிக்கி நிற்பது 'வாஷ்அவுட்': சாய மருந்து ஏற்றி எடுக்கும் படத்தில் கட்டி பிந்தைய கட்டத்தில் சுற்றியுள்ள கல்லீரலைவிடக் கறுத்துத் தெரிவது. மருந்து ஏற்றியபின் வெவ்வேறு நேரங்களில் எடுக்கும் பல கட்ட சி.டி.யின் அறிக்கையில் கல்லீரல் செல் புற்றைப் பற்றி எழுத இந்தச் சொல் இல்லாமல் முடியாது. இதுவரை வந்த பரிந்துரைகள்: கழுவல், வெளுத்தல், கரைவு, சாய வடிதல். 'கழுவல்' போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. மூலத்தோடு ஒட்டிப் போகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

* * *

> 'கழுவல்' போதும் என்று எனக்குத் தோன்றுகிறது

போதாது ஐயா. நஞ்சு குடித்தவருக்குச் செய்யும் 'இரைப்பைக் கழுவல்' ஏற்கெனவே இருக்கிறது. 'வெளுத்தல்' என்றால் படிப்பவர் படத்தில் வெள்ளையைத் தேடுவார், தெரிவதோ கருமை. 'கரைவு' இன்னும் மோசம். கட்டியே கரைந்துவிட்டதாக்கும் என்று வீட்டார் நிம்மதியடைந்துவிடுவார்கள்.

'சாய வடிதல்' மட்டும் பார்வைக்குச் சரியாக இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்து. கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு வாயிற்சிரை (குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் சிரை) வழியாகவும் கால் பங்கு தமனி வழியாகவும் வருகிறது. கல்லீரல் செல் புற்று முற்ற முற்ற வாயிற்சிரைத் தொடர்பை இழந்து தமனியையே நம்பி வளரும். கையில் ஏற்றும் அயோடின் சாய மருந்து முதலில் தமனி வழியே வந்து சேர்வதால், 35 நொடி வாக்கில் கட்டி பளிச்சென்று தெரியும். 60–80 நொடியில் வாயிற்சிரை வழியாகவும் மருந்து வந்து கல்லீரல் நிறையும். கட்டிக்கு அந்தப் பங்கு கிடையாது.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மருந்து ஏற்றுமுன் கல்லீரல் 55 ஹவுன்ஸ்ஃபீல்ட் (சி.டி. அடர்த்தியின் அலகு; எண் கூடினால் படத்தில் வெளுப்பு), கட்டி 45. தமனிக் கட்டத்தில் கல்லீரல் 70, கட்டி 100. வாயிற்சிரைக் கட்டத்தில் கல்லீரல் 115, கட்டி அதே 100. கட்டி ஓர் அலகுகூட இழக்கவில்லை. ஆனாலும் சுற்றியுள்ள கல்லீரலைவிடக் கறுத்துத் தெரிகிறது. அதை வாஷ்அவுட் என்றே எழுதுவோம். பல கட்டிகளில் மருந்து உண்மையாகவே வெளியேறுகிறதுதான், ஆனால் லை-ராட்ஸ் (கல்லீரல் கட்டிப் படங்களை வகைப்படுத்தும் முறை) வரையறை அதைக் கேட்பதில்லை. முந்தைய கட்டத்தோடு பார்க்கையில் பிந்தைய கட்டத்தில் கல்லீரலைவிட மங்கியிருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொன்னால் போதும். எண் வரம்பு ஏதும் இல்லை.

ஆகவே மருந்து எங்கே போயிற்று என்பதைச் சொல்லும் சொல் வேண்டாம், கண்ணில் படுவதைச் சொல்லும் சொல் வேண்டும். 'மங்கல்' என்று தொடங்கலாமா?

* * *

> 'மங்கல்' என்று தொடங்கலாமா?

ஸ்கேன் அறையில் 'படம் மங்கலா வந்திருக்கு' என்றால் மூச்சை அடக்காமல் அசைந்ததால் கெட்டுப்போன படம் என்றுதான் பொருள். ஒரே அறிக்கையில் இரண்டும் வந்தால் என்ன செய்வது?

இன்னொன்று, சொல்லிலேயே காலம் தெரியவேண்டும். நேரம் தவறினால் இந்த அடையாளம் முழுவதும் ஆட்டம் கண்டுவிடும். கிலோவுக்கு 1.5–2 மி.லி., நொடிக்கு 3–5 மி.லி. என்று ஒழுங்காக ஏற்றினாலும், இதயம் தளர்ந்தவருக்கு 35-ஆவது நொடியில் மருந்து பெருந்தமனிக்கே அப்போதுதான் வந்திருக்கும். அதனால் கடிகாரத்தை நம்புவதில்லை. வயிற்றுப் பெருந்தமனியில் வட்டம் வரைந்து, அது 100 ஹவுன்ஸ்ஃபீல்டைத் தொட்ட பிறகு 15–20 நொடி விட்டு எடுக்கிறோம். நேரம் சரிதானா என்று படத்திலேயே பார்க்கலாம்: வாயிற்சிரையில் மருந்து எட்டிப்பார்த்திருக்கவேண்டும், கல்லீரல் சிரைகளில் வந்திருக்கக்கூடாது. வாயிற்சிரை வெறுமையாக இருந்தால் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். பளிச்சிடவேண்டிய கட்டி பளிச்சிடாது.

அப்படிப் பளிச்சிடாத கட்டி பிறகு கறுத்தால் அதுவும் வாஷ்அவுட்தானா?

* * *

மங்கலைத் தனியாக விட்டால், மேலே ஸ்கேன் அறை பற்றி எழுதிய அம்மா சொல்வதுபோலக் குழப்பம்தான். 'பின்' சேர்த்துப் பாருங்கள்: பின்மங்கல். பின்பனி, பின்னிரவு போலப் பிந்திய பொழுது தெரிகிறது. வினையாகவும் வளைகிறது: 'பின்மங்கும் கட்டி', 'பின்மங்கவில்லை'. மூச்சால் வரும் கோளாறுக்கு 'அசைவுக் கலங்கல்' என்று வைத்துக்கொள்ளலாம். தனிமடலில் ஒருவர் 'பின்தங்கல்' என்றார். கல்லீரலோடு ஓடித் தோற்றது என்ற ஒப்பீடு அதில் அழகாக விழுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் 'பின்தங்கிய கட்டி' என்று எழுதினால் சலுகை கேட்டு மனுப் போட்டதுபோல் இருக்கும்.

ஜோடிச் சொல்லும் வேண்டுமே. மருந்தால் பளிச்சிடும் 'என்ஹான்ஸ்மென்டு'க்குப் பட்டியலில் 'ஒளிர்வு' இருக்கிறது. ஒளிர்தல் தானாக ஒளி விடுவது, இயற்பியலார் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'துலங்கல்' நல்ல சொல், ஆனால் பாடநூலில் தூண்டல்–துலங்கல் என்று வேறு வேலையில் இருக்கிறது. 'துலக்கம்' காலியாக இருக்கிறது. தமனித் துலக்கம், பின்மங்கல். கணையத்திலும் இது நிற்குமா என்று மருத்துவர்தான் சொல்லவேண்டும்.

* * *

முதலில் அந்தக் கேள்வி. முன்னர் பளிச்சிடாவிட்டாலும், மருந்தை ஓரளவு வாங்கிய கட்டியானால் பின்மங்கல் என்று எழுதலாம். ஆனால் அதற்கு எல்.ஆர்.-5 (லை-ராட்ஸில் 'உறுதியாகக் கல்லீரல் செல் புற்று' என்ற வகை) தர முடியாது; அந்த வகைக்குத் தமனித் துலக்கம் கட்டாயம். தவிர, லை-ராட்ஸே ஈரல் சுருக்கம், நாட்பட்ட ஹெபடைடிஸ் பி போன்ற ஆபத்து உள்ள பெரியவர்களுக்கு மட்டும்தான்.

கணையத்தில்தான் 'பின்'னின் அருமை தெரிகிறது. கணையக் குழாய்ப் புற்றில் நார்த்திசு மிகுதி, இரத்த ஓட்டம் குறைவு. 40–45 நொடியில் கணையம் நன்றாகத் துலங்கும்போதே அது கறுத்துத்தான் நிற்கும். அதைப் பின்மங்கல் என்று எழுதக்கூடாது, 'குறைதுலக்கம்' என்க. நேரம் போகப்போக நார்த்திசுவில் மருந்து ஊறி, வேறுபாடு குறைந்துகொண்டே போகும். சில கட்டிகள் எந்தக் கட்டத்திலும் கணையத்தோடு ஒன்றிப்போய் ஏமாற்றும். பித்தக்குழாயும் கணையக் குழாயும் சேர்ந்து விரிந்திருப்பது, கணையக் குழாய் சட்டென்று அறுந்து நிற்பது, அதற்கப்பால் வால்பகுதி வற்றியிருப்பது, இவைதான் அப்போது காட்டிக்கொடுக்கும். ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களில் தோன்றும் நியூரோஎண்டோகிரைன் கட்டி இதற்கு நேரெதிர். தமனிக் கட்டத்தில் துலங்கிவிட்டு, அடுத்த கட்டத்தில் பலமுறை கணையத்தோடு கலந்துவிடும். அங்கேயும் பின்மங்கல் என்று எழுதும் பழக்கம் வேண்டாம். சமமாவது வேறு, கறுப்பது வேறு.

கல்லீரலில் இன்னும் மூன்று இடங்களில் சொல்லைச் சோதித்தேன். எம்.ஆர்.ஐ.யில் கேடாக்ஸிடேட் என்ற மருந்தை ஏற்றினால் கல்லீரல் செல்களே மருந்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் 2 நிமிடத்துக்குப் பின் கட்டி கறுப்பாகத் தெரிவதில் கல்லீரலின் வெளுப்புக்கும் பங்கு உண்டு. அந்த மருந்தில் வாயிற்சிரைக் கட்டத்தில் கண்டால்தான் பின்மங்கல். 2–5 நிமிடத்தில் மட்டும் கண்டது 'போலிப் பின்மங்கல்'. ஓரத்தில் மட்டும் மங்கினால் 'விளிம்புப் பின்மங்கல்'. அது பித்தக்குழாய்ப் புற்றையோ வேறிடத்திலிருந்து பரவியதையோ நினைக்கவைக்கும், எல்.ஆர்.-எம். வகைக்கு (புற்றுதான், ஆனால் கல்லீரல் செல் புற்று என்று உறுதியில்லை) போகும்.

மூன்றாவது, நுண்ணிய வாயுக் குமிழிகளை இரத்தத்தில் ஏற்றிப் பார்க்கும் நுண்குமிழி அல்ட்ராசவுண்ட். குமிழிகள் இரத்தக்குழாயை விட்டு வெளியே போவதில்லை. கல்லீரலுக்குள் வரும் பித்தக்குழாய்ப் புற்று அதில் பெரும்பாலும் 60 நொடிக்குள் மங்கிவிடும். அதே கட்டி சி.டி.யில் மருந்து ஊற ஊறத் துலங்கும். கல்லீரல் செல் புற்றோ 60 நொடிக்குப் பிறகு, லேசாக மங்கும். 'முந்திய பின்மங்கல்' என்றால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். 'விரைவுப் பின்மங்கல்' என்று வைக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியின் கட்டியிலும் வாஷ்அவுட் என்பார்கள், ஆனால் அது கணக்கு. மருந்துக்கு முன் 20 ஹவுன்ஸ்ஃபீல்ட், ஒரு நிமிடத்தில் 90, 15 நிமிடத்தில் 40 என்றால், இழந்த 50-ஐ ஏறிய 70-ஆல் வகுக்க 71%. தீங்கற்ற அடினோமா என்று கருத வரம்பு 60%. அங்கே அண்டைத் திசுவோடு ஒப்பீடே இல்லை; கட்டி தான் வாங்கியதில் எவ்வளவு விட்டது என்பதே கேள்வி. அதற்கு 'வடிதல் விழுக்காடு' பொருந்தும். ஆங்கிலத்தில் ஒரு சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றாக வைத்துக் குழப்பவேண்டாம்.

* * *

'கழுவலை' எடுத்துவிட்டேன். பதிவு இப்படிப் போகிறது:

பின்மங்கல் (பெயர்), பின்மங்கு (வினை): சாய மருந்து ஏற்றி எடுத்த படத்தில், மருந்தை வாங்கிய கல்லீரல் கட்டி பிந்தைய கட்டத்தில் சுற்றியுள்ள கல்லீரலைவிடக் கறுத்துத் தெரிதல். எ-டு: தமனிக் கட்டத்தில் துலங்கி, வாயிற்சிரைக் கட்டத்தில் பின்மங்கும் 24 மி.மீ. கட்டி. அட்ரீனல் கட்டிக்கு: வடிதல் விழுக்காடு.

இலங்கை வாசகர்களுக்காகத் தமனி/நாடி, சிரை/நாளம், கணையம்/சதையி என்று இரண்டையும் தந்திருக்கிறேன். சேர்த்தே எழுதுங்கள். 'பின் மங்கல்' என்று இடம் விட்டால் தேடலில் அசைவுக் கலங்கல் படங்களெல்லாம் வந்து நிற்கும்.