மட்டக்களப்பு வெயில் போதுமா, விளக்கும் வேண்டுமா? இரண்டு மாதத் தாடி ஓணான் குட்டியும் ஒரு வாக்குவாதமும்

களுவாஞ்சிக்குடி அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் இருக்கிற என் தம்பி போன கிழமை வந்தபோது மகனுக்கு ஒரு பியர்டட் டிராகன் குட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நம் ஓணானுக்குத் தாடி வைத்த மாதிரி இருக்கிறது. பிறந்து இரண்டு மாதமாம். மூக்கிலிருந்து வால் நுனி வரை ஒரு சாண்கூட இல்லை. பழைய மீன் தொட்டியில், இரண்டடி நீளம், கடற்கரை மணல் போட்டு வைத்திருக்கிறோம். மாவுப்புழுவும் சலாது இலையும் போதும் என்று விற்ற கடையில் சொன்னார்களாம்.

எனக்குப் பல்லி என்றாலே கூச்சம். ஆனால் நேற்றுக் காலையில் அது ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாக வட்டமாக அசைத்தது, பள்ளிக்கூட வேனிலிருந்து கையசைக்கும் பிள்ளையைப் போல. அதற்குப் பிறகு அதை ஏனோதானோ என்று விட மனம் வரவில்லை.

தொட்டியோடு முற்றத்து வெயிலில் வையுங்கள், விளக்கெல்லாம் வீண் செலவு என்கிறார் மச்சான். யூவிபி என்கிற புற ஊதாக் கதிர் தரும் டியூப் விளக்கு கட்டாயம் வேண்டும் என்று மகன் அழுகிறான். எது சரி?

கல்லடிக் காற்று:

அக்கா, பயப்படாதீர்கள். நான் ஒன்றை நான்கு வருடமாக வளர்க்கிறேன். இதுவரை டியூப் வாங்கியதில்லை. அந்த விளக்குகள் எல்லாம் ஆறு மாதம் வெயில் முகம் காணாத குளிர் நாட்டுக்காரருக்காகச் செய்தவை. தோலில் விட்டமின் டி3 உண்டாக யூவிபி கதிர் வேண்டும், அது சூரியனில் தாராளமாக இருக்கிறது. நம் ஊர் உச்சி வெயிலில் யூவி குறியீடு 11ஐத் தாண்டுகிறது. எந்த டியூப் அதற்குப் பக்கத்தில் வரும்?

ஆனால் ஒன்று. கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைக்கவே வைக்காதீர்கள். கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும், சூட்டை மட்டும் உள்ளே பூட்டி வைக்கும். பத்து நிமிடத்தில் குட்டி வெந்துபோகும். மரச்சட்டத்தில் கம்பிவலை அடித்து ஒரு கூடு செய்யுங்கள். பாதிக்கு மேலே கிடுகு போடுங்கள். சூடு வேண்டுமென்றால் வெயிலுக்கு வரும், போதுமென்றால் நிழலுக்குப் போகும். கூட்டுக்குப் பக்கத்திலேயே யாராவது இருங்கள், காகம் பொல்லாதது. இரவில் சூடாக்கவும் தேவையில்லை. இது 20 பாகை வரை இரவுக் குளிரைத் தாங்கும், நம் ஊர் அதற்குக் கீழே எங்கே போகிறது?

சம்மாந்துறை வயல்:

தம்பி, வெயிலைப் பற்றிச் சொன்னதில் பிழை இல்லை. கண்ணாடி விசயமும் சரி. கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் இந்தக் கதையைக் கேட்டால் நானும் தலையாட்டுவேன். ஆனால் இப்போது புரட்டாதி. இன்னும் ஒன்றரை மாதத்தில் மாரி பிடித்துவிடும். அந்த அக்காவின் குட்டி வேகமாக வளரப்போவது கார்த்திகையிலும் மார்கழியிலும்தான். எலும்பு நீளுகிற அந்த நாட்களில் வெயில் இருக்காது.

என் கதையைச் சொல்கிறேன். நானும் உங்களைப் போலத்தான் நம்பினேன். மூன்று மாதக் குட்டி. ஒரு மார்கழியில் பதினெட்டு நாள் வெயில் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. முதலில் பின்னங்கால் விரல்கள் துடித்தன, குளிராக்கும் என்று நினைத்தேன். பிறகு தத்துவெட்டியைக் கவ்வும், ஆனால் கடிக்க முடியாமல் விட்டுவிடும். கீழ்த்தாடையைத் தொட்டுப் பார்த்தேன். எலும்பாக இல்லை, சைக்கிள் டியூபைப் போல வளைந்தது. தை பிறக்குமுன் போய்விட்டது. அந்தத் தாடையைத் தொட்ட விரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கல்லடிக் காற்று:

அண்ணன், மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் கேட்கிறேன், பிழையாக நினைக்காதீர்கள். கல்சியம் தூள் கொடுத்தீர்களா? எலும்பு இளகும் நோய் கல்சியம் இல்லாமலும் வரும். வெயில்மேல் மட்டும் பழி போட முடியாதே.

அதோடு விளக்கை நம்பினால் கரண்டையும் நம்ப வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது விளக்குக்காரர் என்ன செய்தார்கள்?

சம்மாந்துறை வயல்:

கொடுத்தேன் தம்பி, ஒவ்வொரு நாளும். கொடுத்தும் போனதுதான் விசயம். குடலில் விழுந்த கல்சியம் இரத்தத்துக்குப் போக டி3 வேண்டும். டி3 இல்லையென்றால் எவ்வளவு தூவினாலும் எச்சத்தோடு வெளியே போய்விடும். இரத்தத்தில் கல்சியம் குறைந்ததும் உடம்பு தன் எலும்பையே கரைத்து எடுக்கும். தாடை இளகுவது அப்படித்தான். டி3 கலந்த தூளை அள்ளிப் போட்டால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம், கூடினால் அதுவும் நஞ்சு. தோலில் உண்டாகிற டி3 மட்டும்தான் தேவைக்கு மேல் கூடிப்போகாது.

உங்களுடையது வாங்கும்போதே வளர்ந்ததா, குட்டியா? அதைச் சொல்லுங்கள்.

கரண்ட் போனால் பகலில் சில மணித்தியாலம் சூடு இல்லாமல் தாங்கும். அந்த நேரத்தில் தீனி கொடுக்காமல் இருந்தால் சரி, சூடில்லாமல் வயிற்றில் செரிக்காது. 2022ஐப் போன்ற நாட்களுக்கு உங்கள் கம்பிவலைக் கூடு கைகொடுக்கும். ஆகவே இரண்டும் வேண்டும் என்கிறேன். வெயிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

கல்லடிக் காற்று:

ஒன்றேகால் வயதில் வாங்கினேன். கொழும்பில் ஒருவர் டியூப் போட்டு வளர்த்தது. அதை நான் இந்தக் கணக்கில் யோசிக்கவில்லை.

திருக்கோவில் மிருகநேசன்:

நீங்கள் இருவரும் எப்படி வளர்ப்பது என்று கதைக்கிறீர்கள். வளர்க்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. இது நடு ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பிராணி. உலர்ந்த காற்றுக்குப் பிறந்தது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற நம் மண்ணில், மாரியில் உப்பே கரைந்து தண்ணீராகிற காற்றில், அதன் நுரையீரல் என்ன பாடுபடும்? வெளிநாட்டு ஊர்வனவற்றை வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. தம்பி கொடுத்ததற்கு ஆவணம் இருக்கிறதா என்று கேளுங்கள் அக்கா.

இன்னொன்று. இது 8 முதல் 12 வருடம் இருக்கும். மகன் இப்போது சின்னப் பிள்ளை. உயர்தரம், பல்கலைக்கழகம் என்று போய்விட்டால் யார் பார்ப்பது? நாட்டிலேயே ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனையில். ஊர்வன பார்க்கத் தெரிந்த வைத்தியரை இங்கே தேடிப் பிடிப்பது இலேசான வேலை இல்லை. பிறகு முடியவில்லை என்று பற்றைக்குள் விட்டுவிடுவார்கள். எனக்கு அந்தப் பயம்தான் பெரிது.

களுவாஞ்சிக்குடி அம்மா:

நீங்கள் சொல்வது நியாயம்தான், அண்ணன். ஆவணத்தைத் தம்பியிடம் கேட்டிருக்கிறேன். மகன் போனால் நான் பார்க்கிறேன், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் குட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. இன்றைக்கு அதற்கு என்ன செய்ய வேண்டும் என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். மாவுப்புழு இரண்டு தின்றது. சலாதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பூச்சிக்கு எங்கே போவது? வாவிக்கரைக் கண்டல் பக்கம் இரவில் மின்மினி நிறைய இருக்கிறது, பிடித்து வரவா என்று மகன் கேட்கிறான்.

சம்மாந்துறை வயல்:

தங்கச்சி, மின்மினி வேண்டாம். ஒன்றுகூட வேண்டாம். அதன் உடம்பில் இருக்கிற நஞ்சு இதயத்தை நிறுத்திவிடும். ஒரே ஒரு மின்மினியைத் தின்று இந்த இனப் பிராணி செத்திருக்கிறது. மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், மற்றதைப் பிறகு வாசியுங்கள்.

வயல் தத்துவெட்டியும் வேண்டாம். நான் விவசாயி, வரம்பில் எத்தனை முறை மருந்து அடிக்கிறோம் என்று எனக்குத் தெரியும். பூச்சி சாகாமல் துள்ளிக்கொண்டு இருந்தாலும் மருந்து அதன் உடம்பில் இருக்கும்.

பூச்சியை வீட்டிலேயே வளர்க்கலாம். இரவில் கீச்சிடுகிற சுவர்க்கோழி, கடைக்காரர் கிரிக்கெட் என்பார்கள், அதை ஒரு தடவை வாங்கினால் போதும். மூடியில் வலை வைத்த பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே முட்டை அட்டை, முட்டையிட ஒரு கிண்ணத்தில் ஈரத் தும்புத்தூள். நம் ஊர்ச் சூட்டுக்குச் சுமார் இரண்டு கிழமையில் குஞ்சு பொரித்துவிடும். கொடுப்பதற்கு முதல் நாள் அவற்றுக்கு முருங்கையிலையும் கரட்டும் தின்னக் கொடுங்கள். பூச்சியின் வயிற்றில் இருப்பதுதான் குட்டியின் வயிற்றுக்குப் போகிறது.

அளவு முக்கியம். குட்டியின் இரண்டு கண்களுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியைவிடப் பெரிய பூச்சி கொடுக்கக் கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம், பத்துப் பதினைந்து நிமிடத்தில் தின்கிற அளவு. கிழமையில் ஐந்து நாளாவது டி3 இல்லாத கல்சியம் தூளில் பிரட்டிக் கொடுங்கள், விட்டமின் தூள் ஒரு நாள் போதும். மிஞ்சின பூச்சியை எடுத்துவிடுங்கள். இரவில் அது தூங்குகிற குட்டியைக் கடிக்கும். மாவுப்புழுவின் தோல் தடிப்பு, இந்த வயதில் வேண்டாம்.

இப்போது தீனியில் முக்கால் பங்கு பூச்சி, கால் பங்கு இலை. வளர்ந்த பிறகு தலைகீழாக மாறும். ஆனால் இலையை இன்றே பழக்குங்கள். தின்னாவிட்டாலும் ஒவ்வொரு காலையும் பொடியாக அரிந்து வையுங்கள். முருங்கையிலை, செவ்வரத்தம்பூ, துருவிய பூசணி. சலாதில் தண்ணீர்தான். பசளியும் தண்டுக்கீரையும் நமக்கு நல்லது, ஆனால் அவற்றில் இருக்கிற ஒக்சலேட் கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எப்போதாவது என்றால் பரவாயில்லை. அவகாடோ ஒருபோதும் கூடாது.

கல்லடிக் காற்று:

தீனியில் சம்மாந்துறை அண்ணனோடு முழுச் சம்மதம். கூடு பற்றி நான் சொல்கிறேன், அதில் எனக்கு அனுபவம் இருக்கிறது.

இரண்டடித் தொட்டி சரிவராது. ஒரு முனை சூடு, மறுமுனை குளிர்ச்சி என்று இருக்க வேண்டும். இரண்டடிக்குள் இரண்டு முனையும் ஒன்றாகச் சூடாகிவிடும். வளர்ந்தால் இது ஒன்றரை அடிக்கு மேல் வரும், ஆகவே தச்சரிடம் நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் பிளைவுட் பெட்டியாக ஒரேயடியாகச் செய்துவிடுங்கள். முன்னால் தள்ளுகண்ணாடி. மாரி ஈரத்துக்காக ஒரு பக்கம் கீழேயும் மறுபக்கம் மேலேயும் வலை வைத்த துவாரம் விடச் சொல்லுங்கள். சூடான காற்று மேலே போகும்போது ஈரத்தையும் கொண்டுபோகும். திருக்கோவில் அண்ணனின் நுரையீரல் கவலைக்கு என்னிடம் இருக்கிற பதில் அதுதான். உள்ளே தண்ணீர் தெளிக்க வேண்டாம். வார்னிஷ் மணம் முழுதும் போன பிறகே குட்டியை விடுங்கள்.

எறும்பை மறக்காதீர்கள். பெட்டியை மேசையில் வைத்து நான்கு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள், நம் அம்மாமார் சாப்பாட்டு அலமாரிக்குச் செய்கிற மாதிரி.

மணல் விசயத்தில் மட்டும் எனக்கு வேறு அபிப்பிராயம். என்னுடையது மணலில்தான் இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை.

சம்மாந்துறை வயல்:

உங்களுடையது வளர்ந்தது. குட்டிக்குக் குறி தவறும். பூச்சியை எட்டும்போது ஒவ்வொரு தடவையும் வாய் நிறைய மணல் போகும். குடல் அடைத்துக்கொண்டால் இங்கே யாரிடம் கொண்டு போவது? பத்திரிகைத் தாளோ தரை ஓடோ போதும். எச்சம் எப்படி இருக்கிறது என்றும் பார்க்கலாம்.

வெயில் காய ஒரு கூரை ஓட்டுத் துண்டு வையுங்கள், அதன்மேல் 50 வாட் ஹலோஜன் பல்ப். கடையில் எல்இடி தருவார்கள், அதில் வெளிச்சம் வரும், சூடு வராது. ஓட்டின் மேல் 40 பாகை, மறுமுனையில் 26, 27. இந்தச் சூட்டை அளக்கக் கொரோனாக் காலத்து நெற்றி வெப்பமானி உதவாது, அது பெரும்பாலும் மனித உடம்பின் சூட்டைத்தான் காட்டும், ஆகவே வேறு வாங்க வேண்டும். யூவிபி டியூப் T5 என்கிற மெல்லிய வகையில், 10 அல்லது 12 வீதம் யூவிபி என்று குறித்தது, பெட்டி நீளத்தில் சுமார் பாதி, குட்டியின் முதுகுக்கு ஓரடிக்குச் சற்று மேலே. இடையில் கண்ணாடி வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெளிச்சம் அப்படியே இருக்கும், ஆனால் கதிர் குறைந்துவிடும். பல்பும் 24 வாட் டியூபும் 12 மணித்தியாலம் எரிந்தால் மாதம் 27 யூனிட் வரும். அது சின்னச் செலவு இல்லை, தெரிந்தே சொல்கிறேன்.

திருக்கோவில் மிருகநேசன்:

என் மனம் மாறவில்லை, இந்தப் பிராணியை யாரும் புதிதாக வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் வந்துவிட்ட குட்டிக்கு இது சரியான வழி. கையில் எடுத்த பிறகு பிள்ளைகளைச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள், ஊர்வன தோலில் சல்மனெல்லாக் கிருமி இருக்கும். துணைக்கு இன்னொன்று என்று மகன் கேட்டால் சம்மதிக்காதீர்கள். ஒன்றின் விரலை மற்றது தின்னும். அந்தக் கையசைப்பு, பெரியதொன்றுக்கு ‘நான் சின்னவன், விட்டுவிடு’ என்று சொல்வது. உங்களைப் பார்த்துப் பயந்திருக்கிறது. கொஞ்ச நாள் தூக்காமல் பக்கத்தில் இருந்து பழக்குங்கள்.

களுவாஞ்சிக்குடி அம்மா:

பயத்தில்தான் அசைத்தது என்று தெரியாமல் போயிற்று. நேற்று நான் போய் நின்று திரும்பத் திரும்ப அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணலை அள்ளிவிட்டோம். தச்சருக்கு அளவு கொடுத்தாயிற்று, ஞாயிற்றுக்கிழமை தருவார். டியூபுக்குத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், கார்த்திகைக்கு முன் வந்துவிடும். அதுவரை கல்லடித் தம்பி சொன்ன வலைக்கூடு. இன்று காலை ஒன்பதரைக்கு முற்றத்தில் அரை மணித்தியாலம் வைத்தோம், மகன் காகத்துக்குக் காவல். கிடுகு நிழலின் ஓரத்தில் உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு, வாயைத் திறந்தபடி கிடந்தது. மகன் பயந்துபோனான். அது சூடு கூடினால் வாய் வழியாக விடுவதுதானே? இல்லாவிட்டால் உடனே சொல்லுங்கள்.

கல்லடிக் காற்று:

அதேதான் அக்கா. தானாக நிழலுக்குள் போனதா?

களுவாஞ்சிக்குடி அம்மா:

போனது. பிறகு வெளியே வந்து ஒரு செவ்வரத்தம்பூ இதழைத் தின்றது.