1940 'பாக்தாத் திருடன்': படத்தின் நாயகன் அகமதா, அபுவா?

கொட்டகைவாசி:
அலெக்சாண்டர் கோர்டா தயாரித்த 'பாக்தாத் திருடன்' படத்தை நேற்றிரவு மறுபடி பார்த்தேன். 'ஆயிரத்தொரு இரவுகள்' அரபுக் கதைகளை வைத்து ஐரோப்பியர் எடுத்த சாகசப் படங்களில் இதற்கு ஈடு கிடையாது. நடிகரை நீலத்திரை முன்னால் படமெடுத்து வேறு காட்சியோடு இணைக்கும் லாரி பட்லரின் உத்தி இன்றைய கண்ணுக்குக் கொஞ்சம் பிசிறடிக்கும்தான். ஆனாலும் பூதத்தின் பாதத்துக்குக் கீழே, திருடன் அபுவாக நடித்த சாபு நிற்கும்போது வயிற்றைப் பிசைகிறது. மூன்று ஆஸ்கர் சும்மா கிடைக்கவில்லை.

கீழவீதி:
தந்திரக் காட்சிகளைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை, கதையில்தான் கோளாறு. 1924இல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த, இதே பெயர்கொண்ட ஹாலிவுட் படத்தில் திருடன்தான் நாயகன், இளவரசியை அடைவதும் அவனே. 1940இல் அவனை இரண்டு ஆளாகப் பிரித்துவிட்டார்கள். காதலும் அரியணையும் ஆங்கிலேயர் ஜான் ஜஸ்டின் நடித்த அரசன் அகமதுக்கு. ஓடுவது, ஏறுவது, அடி வாங்குவது எல்லாம் மைசூர்ப் பக்கத்து யானைப்பாகன் மகன் சாபுவுக்கு. இதை எப்படி ஈடில்லாத படம் என்கிறீர்கள்?

கொட்டகைவாசி:
சாபு பிறந்தது 1924. படப்பிடிப்பின்போது பதினைந்து, பதினாறு வயதுப் பையன். அவனுக்குக் காதல் கதை எதற்கு? அகமது பாதிப் படம் கண்ணிழந்தும் கட்டுண்டும் கிடக்கிறான். கம்பளத்தில் பறந்து வந்து வில்லன் மந்திரி ஜாஃபரை அம்பெய்து வீழ்த்துபவன் அபு. யார் நாயகன், நீங்களே சொல்லுங்கள்.

கீழவீதி:
சரி, வயதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேடங்களைப் பாருங்கள். அரசன், சுல்தான், மந்திரி, இளவரசி நால்வரும் ஐரோப்பியர். இந்தியப் பையன் திருடன், கறுப்பின நடிகர் ரெக்ஸ் இங்ரம் ஏவல் செய்யும் பூதம்.

அலைகடல்:
குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். பூதத்தை வெறும் ஏவலாள் என்பது சரியில்லை. மூன்றாவது வரம் முடிந்ததும் அபுவைத் தனியே விட்டுவிட்டுச் சிரித்தபடி பறந்துபோகிறது. இங்ரமின் அந்தச் சிரிப்பில் அடிமைத்தனம் துளியும் இல்லை.

இன்னொன்று. ஆயிரத்தொரு இரவுகள் மூலத்தில் 'மீனவனும் பூதமும்' என்றொரு கதை உண்டு. குப்பியிலிருந்து தன்னை விடுவிப்பவனுக்குச் செல்வம் தருவதாக முதலில் நினைத்த பூதம், காத்துக் காத்துக் கசந்துபோய், அவனையே கொல்வேன் என்று சபதம் எடுக்கிறது. 'இவ்வளவு பெரிய உடம்பு இந்தச் சின்னக் குப்பிக்குள் இருந்ததா, நம்ப முடியவில்லையே' என்று பேசி அதை மறுபடி உள்ளே அடைப்பவன் ஓர் ஏழை மீனவன். படத்தில் அதே வேலையைச் செய்பவன் அபு. எளியவனின் புத்தி வெல்லும் இடம்தான் அந்தக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது. அது அகமதிடம் போகாமல் அபுவிடம் வந்திருக்கிறதே!

கீழவீதி:
மீனவன் கதையை நான் யோசிக்கவில்லை. நல்ல இடம். ஆனால் அந்தப் புத்திசாலிப் பையனாக நடித்த சாபுவுக்குப் பின்னாளில் கிடைத்தவை பெரும்பாலும் காட்டுப் பையன் வேடங்கள்தான். 39 வயதில், 1963இல் போய்விட்டார். அதை நினைத்தால் இந்தப் படத்தை முழு மனதோடு கொண்டாட முடியவில்லை.

கொட்டகைவாசி:
அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அது அவரைப் பயன்படுத்திக்கொண்ட தொழிலின் குற்றம். இந்தப் படத்தின் கடைசிக் காட்சியை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். படிக்க வைத்து மந்திரியாக்குவேன் என்று அகமது ஊர் முன்னால் அறிவிக்கிறான். அபு அதைக் கேட்டுவிட்டு நைசாகக் கம்பளத்தில் ஏறிவிடுகிறான்.

கீழவீதி:
பார்க்கிறேன். ஆனால் அந்த அரியணையை அவனுக்கே கொடுத்திருக்கலாம் என்றுதான் அப்போதும் சொல்வேன்.